பதினேழு நாள் இரைச்சல்

அந்த ஆம்ப்ளிபயரின் இரைச்சலை அது வந்த அன்றைக்கே என்னால் நிறுத்தியிருக்க முடியும். பதினேழு நாள் நிறுத்தாமல் வைத்திருந்தேன். அதன் சொந்தக்காரரிடம் பிறகு ஒப்புக்கொண்டேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளின் ஆரம்பம். காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில், நெசவாளர் தெரு ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். வீட்டின் முன்னறைதான் என் கடை. ரேடியோக்கள் பழுது பார்ப்பேன். மைக் செட்டுக்காரர்களின் ஆம்ப்ளிபயர்களும் வரும். நான் ஐயம்பேட்டையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். மெட்ராஸில் ஒரு ரேடியோ கடையில் நாலு வருஷம் இருந்து தொழில் பழகிக்கொண்டு வந்து, கல்யாணத்துக்குப் பிறகு அந்த முன்னறையைப் பிடித்தேன். மனைவி என் கூடப் பிறந்த அக்காவின் மகள். சின்ன வயதில் என்னை மாமா என்று கூப்பிட்டவள், கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியேதான் கூப்பிட்டாள். அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் திருப்புட்குழி. தலைப்பிரசவத்துக்கு என் மனைவி அங்கே போயிருந்தாள்.

கார்த்திகை மாதக் கடைசியில் குழந்தை பிறந்தது. உயிரில்லாமல் பிறந்தது. தகவல் வந்து நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அக்கா வீட்டுக்காரர் கொல்லை மேட்டில் புதைத்துவிட்டு வந்து, காலில் சேற்றோடு உட்கார்ந்திருந்தார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பிரசவம் பார்த்த நர்ஸம்மா திரும்ப வந்து தாயைப் பார்த்துவிட்டு, வாசலில் கை கழுவிக்கொண்டே, "சொந்தத்துலயாப்பா கட்டிக்கினே?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. அக்கா பொண்ணு."

அவர் தலையை ஆட்டினார். சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது அக்காதான். அவள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்படிப் பிறந்த குழந்தைக்குச் சடங்கு ஒன்றும் கிடையாது என்றார்கள். கடையை எத்தனை நாள் மூட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. மறுநாள் திறந்தேன். அன்றைக்கு ஒரு ரேடியோவுக்கு டயல் கயிறு மாற்றினேன். அழுகை வரும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் வரும், நாளைக்கு வரும் என்று. வரவில்லை. அந்த வாரம் ஒரு மைக் செட்டில் முந்நூறு வோல்ட் கையில் பட்டது. வழக்கமாக அப்படிப் பட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால்தான் வேலை ஓடும். அன்று கையை எடுத்தேன். விரலில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஈயப் பற்றவைப்பைப் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் மனைவி வந்துவிட்டாள். ஒரு மாசமாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று அக்கா சொல்லிப் பார்த்திருக்கிறாள், கேட்கவில்லை. வந்த அன்றே வீட்டைக் கழுவினாள். சமைத்தாள். "உப்பு தீந்துபோச்சி", "விறகு ஈரமா இருக்குது" என்று தேவையான பேச்சு மட்டும் இருந்தது. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க அந்தச் சிறிய வீட்டில் இருவருக்கும் எப்படியோ இடம் இருந்தது.

அதற்குப் பிறகு நாலைந்து நாளில் அந்த ஆம்ப்ளிபயர் வந்தது.

கொண்டுவந்தவர் எனக்கு முன்பே தெரிந்தவர். பட்டுச்சேலை பார்டருக்குக் கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைகிறவர். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் எப்போதும் சிவப்பும் பச்சையுமாக மை ஒட்டியிருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். சாயங்காலங்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பார். தெருவில் எல்லோருக்கும் அவர் கிடார்க்காரர்தான். சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒரு மரப்பெட்டியைப் போர்வை சுற்றி ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

"பாத்துப் புடிப்பா. கனம். உள்ள இருக்கறது எல்லாம் கண்ணாடி."

போர்வையை எடுத்ததும் எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. தேக்குப் பலகையில் செய்து, மேலே துணி ஒட்டியிருந்தது. மெட்ராஸில் வயதான ஒரு ரேடியோ இன்ஜினீயர், ஓட்டல்களில் வாசிக்கிற கிடார்க்காரர்களுக்காகத் தன் கையாலேயே இந்த மாதிரிப் பெட்டிகள் சிலவற்றைச் செய்தாராம். டிரான்ஸ்பார்மர் கூட அவரே சுற்றியது. அப்படி ஒன்றை வாங்கி வைத்திருந்த ஆங்கிலோ இந்தியர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது இவரிடம் விற்றுவிட்டுப் போனார். செய்தவர் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது.

பின்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். அவ்வளவு சுத்தமான வேலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஒயரும் நேராகப் போய், நேராகத் திரும்பி, மெழுகு தடவிய நூலால் கட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் அங்கே எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தார்.

சுவிட்சைப் போட்டேன். வால்வுகள் சூடாகும் வரை சத்தம் இல்லை. அரை நிமிஷம் கழித்து மெதுவாக ஆரம்பித்து அறை முழுக்க ஏறியது. ம்ம் என்று ஒரே மட்டத்தில் கனமான இரைச்சல். வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் அது குறையவில்லை. அதற்கு மேலே அவ்வப்போது எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி ஒரு பொரிச்சல். வால்யூமைத் திருகினால் சரசரவென்று இன்னொன்று.

"பாட்டுக்கு நடுவுல எங்க நிறுத்துனாலும் இதான் கேக்குது," என்றார் கிடார்க்காரர். "குழுத் தலைவரு சொல்லிட்டாரு. இந்தச் சத்தத்தோட இனிமே வராதன்னு. மார்கழி முழுக்க ரிகர்சல் இருக்குது. தையில வரிசையா கல்யாண ரிசப்ஷன். சீக்கிரம் பாத்துக் குடுப்பா."

பார்க்கிறேன் என்றேன். அவர் போனார்.

அரை மணி நேரத்தில் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கரண்டைச் சீராக்கித் தரும் பெரிய கண்டென்சர் உள்ளே காய்ந்து போயிருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனால் காய்ந்துதான் போகும். அதை நிச்சயம் செய்துகொள்ள ஒரு சுலப வழி உண்டு. நல்ல கண்டென்சர் ஒன்றைப் பழசின் இரண்டு முனைகளிலும் கிளிப்பால் கவ்வ வைக்க வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். இந்தத் தொழிலில் நாங்கள் யாரும் அணைத்துவிட்டுச் செய்ததில்லை. மேசை டிராயரில் சரியான அளவில் ஒன்று இருந்தது. அதை எடுத்து வைத்தேன். இரைச்சல் சட்டென்று நின்றது.

அப்போதுதான் மற்றச் சத்தங்கள் வந்தன. எதிர் வரிசையில் தறிகள் அடிக்கிற சத்தம். யாரோ தண்ணீர் இறைக்கிற சத்தம். பக்கத்து வீட்டில் குழந்தை அழுகிற சத்தம். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்த வீட்டுத் தறிக்காரர் மனைவிக்கு ஐப்பசியில் குழந்தை பிறந்திருந்தது.

உள்ளேயிருந்து மனைவி வந்து நிலைப்படியில் நின்றாள்.

"ஏன் மாமா நிறுத்திட்டீங்க?"

"சத்தம் போயிடுச்சி. கண்டென்சர்தான்."

"திரும்பப் போடுங்க."

"எதுக்கு?"

அவள் முந்தானையை நெஞ்சோடு சேர்த்துச் சுருட்டிப் பிடித்திருந்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. அதை மறைக்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"அந்தக் கொயந்த அழுதா எனக்குப் பால் வருது மாமா," என்றாள்.

குரலில் ஒன்றும் இல்லை. விறகு ஈரமாக இருக்கிறது என்று சொல்கிற குரல்தான். பால் வற்றுவதற்காக அக்கா மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டி அனுப்பியிருந்தாள் என்பதும் வற்றவில்லை என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் கிளிப்பை எடுத்தேன். இரைச்சல் திரும்ப வந்தது. அழுகைச் சத்தம் கேட்கவில்லை. அவள் உள்ளே போய்ப் பாயைக் கொண்டுவந்து என் மேசைக்குப் பின்னால் போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். வந்ததிலிருந்து அவள் பகலில் தூங்கி நான் பார்க்கவில்லை. இரவிலும் எவ்வளவு தூங்கினாள் என்று எனக்குத் தெரியாது.

கண்டென்சரைப் பழைய செய்தித்தாளில் சுற்றி டிராயரில் திரும்ப வைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கடையைத் திறந்ததும் அந்தப் பெட்டியைப் போட்டுவிடுவேன். அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். அரிசியில் கல் பொறுக்குவாள். மத்தியானம் தூங்குவாள். ஒரு நாள், "எங்க ஊர்ல நெல்லு மிஷினாண்ட நின்னா இப்டித்தான் இருக்கும்," என்றாள். முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் நடுவே அவளாகச் சொன்ன பேச்சு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் கூட, "இன்னாண்ணே, மாவு மிஷின் வச்சிட்டியா?" என்று கேட்டார். ரிப்பேர் என்றேன்.

அந்த வருஷம் கரண்ட் அடிக்கடி போகும். போனால் அவள் எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக் குழாய்க்குப் போய்விடுவாள். தண்ணீர் வருகிற நேரமா இல்லையா என்று பார்ப்பதில்லை. கரண்ட் வந்த பிறகு வருவாள்.

அந்தப் பெட்டியை அப்படி ஓடவிடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். காய்ந்த கண்டென்சரோடு ஓடினால் டிரான்ஸ்பார்மர் சூடேறும். செய்தவர் கையால் சுற்றிய டிரான்ஸ்பார்மர் அது. எரிந்து போனால் அதே மாதிரி ஒன்று எங்கும் கிடைக்காது. மணிக்கு ஒரு தடவை அணைத்து, ஆற வைத்து, பிறகு போட்டேன். அணைக்கிற கால்மணி நேரமும் அவள் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டிருப்பாள். ஒரு நாள் ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து உரக்க வைத்துப் பார்த்தேன். "வேணாம் மாமா. காத்து மாதிரி இருக்குது. நடுவுல கேக்குது," என்றாள். அணைத்துவிட்டேன்.

அந்தப் பெட்டியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, என்னிடம் கிடந்த ஏதாவது ஓட்டை ஆம்ப்ளிபயரை அதே மாதிரி இரைய விட்டிருக்கலாம். ஒரு மணி நேர வேலை. பெட்டி போன பிறகுதான் அது தோன்றியது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான். அந்த நாட்களில் எனக்கு ஒரு யோசனைக்கு மேல் இன்னொரு யோசனை வரவில்லை. இரைச்சல் இருந்தால் அவள் தூங்குகிறாள். இரைச்சல் அந்தப் பெட்டியில் இருக்கிறது. அதோடு முடிந்தது.

கிடார்க்காரர் நாலாம் நாள் வந்தார். குரல் கேட்டதும் வாசலுக்கே போய், கண்டென்சர் கிடைக்கவில்லை, மெட்ராஸுக்குச் சொல்லியிருக்கிறேன் என்றேன். பத்தாம் நாள் திரும்ப வந்தார். "செங்கல்பட்டுலேர்ந்து ஒரு பையனக் கூட்டியாந்து உக்கார வச்சிருக்காங்கப்பா என் எடத்துல. நான் ஓரமா உக்காந்து பாத்துக்கினு இருக்கேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இன்னும் வரவில்லை என்றேன். பொய் சொல்கிறோமே என்றுகூட எனக்கு உறுத்தவில்லை. அவர் சைக்கிளில் ஏறிப் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன்.

பதினேழாம் நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். நான் ஒரு ரேடியோவைக் குடைந்துகொண்டிருந்தேன். மனைவி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். பெட்டி இரைந்துகொண்டிருந்தது. இரைச்சலில் அவர் வந்தது எனக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றிருந்தார். தோளில் துணிப்பையில் கிடார். பெட்டியைப் பார்த்தார். பின்பக்கமாகக் கையை விட்டு டிரான்ஸ்பார்மரைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகுதான் பாயில் படுத்திருந்தவளைப் பார்த்தார். என்னைப் பார்த்து, வெளியே வா என்று தலையை அசைத்தார்.

தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டுகிற கட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றோம்.

"எம்மா நேரமா ஓடுது அது?"

"காலையிலேர்ந்து."

"கண்டென்சர் வரலன்னியே."

"நீங்க கொண்டாந்த அன்னிக்கே எங்கிட்ட இருந்துச்சி."

அவர் காத்திருந்தார். நான் சொன்னேன். குழந்தை செத்துப் பிறந்ததும், பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவதும், இவளுக்குப் பால் வருவதும். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. முதல் தடவையாக அதை ஒருவரிடம் சொல்கிறேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. கடைசியில், "மன்னிச்சிக்கிங்க," என்றேன்.

அவர் விரலில் இருந்த மையைச் சுரண்டிக்கொண்டே நின்றார்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா இன்னாபா?"

"தெரியலண்ணே."

"நாளைக்குக் கடைசி ரிகர்சல். நான் பொட்டியோட போகலன்னா அந்தச் செங்கல்பட்டுப் பையன்தான் இனிமேல்." உள்ளே இரைகிற பெட்டியின் பக்கம் பார்த்தார். பிறகு, "சரி. இருக்கட்டும் வுடு. சுட்டுப் போச்சின்னா அணைச்சி அணைச்சிப் போடு," என்றார்.

அப்போது வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"இவரக் கேட்டுத்தான வச்சிக்கினு இருக்கீங்கன்னு நெனச்சேன்," என்றாள் என்னிடம்.

கிடார்க்காரர் பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"மனுஷன் வந்து வந்து போயிருக்காரு. பொய் சொல்லி அனுப்பிச்சீங்களா? அவரு பொழப்பு இன்னா ஆவறது? ஊரான் பொருள இப்டி வச்சிக்கினு, நானும் அத்தக் கட்டிக்கினு தூங்கினு இருக்கேன். வெக்கமா இல்ல உங்களுக்கு?"

உரக்கத்தான் சொன்னாள். எதிர்வீட்டில் தறி நின்றது. இத்தனை நாளுக்குப் பிறகு அவள் குரல் உயர்ந்ததைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதக் கை போகிறது. அப்படி எதுவும் இல்லை. தெருக்கல்லில் ஒட்டியிருந்த நூல் சாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, உள்ள வந்து உக்காருங்க. இப்பவே பண்ணிக் குடுப்பாரு," என்று அவரிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆற விட்டேன். உள்ளே தங்கியிருக்கும் கரண்டை இறக்க, பழைய கண்டென்சரின் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் சேர்த்தபோது சின்னதாக ஒரு பொறி வந்தது. கிடார்க்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச் பிடித்தார். டிராயரிலிருந்து செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தபோது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. புதியதை வைத்துப் பற்ற வைத்தேன். பெரிய இரைச்சல் அதோடு போகும். ஆனால் அது போனால் அதற்கு அடியில் இருப்பது கேட்கும் என்று எனக்குத் தெரியும். போட்டுப் பார்த்தபோது, ஈ ஒன்று சுற்றுவது போல ஒரு மெல்லிய சத்தம் மிச்சம் இருந்தது.

அதைத் தேட முக்கால் மணி நேரம் ஆனது. வேறு யாரோ ஒரு தடவை உள்ளே கை வைத்திருக்கிறார்கள். செய்தவர் எல்லா எர்த் ஒயர்களையும் ஒரே இடத்தில் சேர்த்திருந்தார். அவற்றில் ஒன்றை மட்டும் பிரித்து, டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் ஒரு திருகாணியில் கட்டியிருந்தார்கள். பழைய இடத்தில் காய்ந்த ஈயத்தின் தடம் அப்படியே இருந்தது. ஒயரை அங்கேயே திரும்பக் கொண்டுபோய்ப் பற்ற வைத்தேன். ஈ சுற்றுகிற சத்தமும் நின்றது.

பொரிச்சலுக்குக் காரணம் ஒரு ரெசிஸ்டர். மரக்குச்சியால் தொட்டதும் படபடவென்று பொரிந்தது. மாற்றினேன். வால்யூம் கட்டையில் ஸ்பிரிட் விட்டு இருபது முப்பது தடவை திருகினேன். கடைசியாக ஒவ்வொரு வால்வையும் பென்சிலால் தட்டிப் பார்த்தேன். முதல் வால்வைத் தட்டியபோது மட்டும் ஸ்பீக்கரில் கிண்ணத்தைத் தட்டிய மாதிரி சத்தம் வந்தது. அதையும் மாற்றினேன். மீட்டரை வைத்து, பென்சிலில் எழுதியிருந்த இடங்களை ஒவ்வொன்றாக அளந்தேன். கிடார்க்காரர் டார்ச்சைக் காட்டிக்கொண்டே எண்களைப் படித்தார். எல்லாம் கிட்டத்தட்டச் சரியாக வந்தது.

"இப்ப ஓடுதா?" என்றார்.

"ஓடுது. சிவப்பு வெளக்கு எரியுது பாருங்க."

அவர் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தார். பையிலிருந்து கிடாரை எடுத்து ஒயரைச் சொருகினார். "ஒகட்டி, ரெண்டு," என்று தெலுங்கில் வாய்க்குள் எண்ணிக்கொண்டு மெதுவாக வாசிக்க ஆரம்பித்தார். மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாதியில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது.

அவர் கையை நிறுத்தினார். அழுகை நன்றாகக் கேட்டது. மனைவி திரும்பி உள்ளே போய்விட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

"வாசிக்கட்டுமாம்மா? வேணாமா?" என்று உள்பக்கம் பார்த்துக் கேட்டார்.

"வாசிங்கண்ணே," என்று குரல் வந்தது.

வாசித்தார். ரிக்‌ஷா வரும் வரை வாசித்தார். என்ன வாசித்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே ஏதாவது இரைகிறதா என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எதுவும் இரையவில்லை. போகும்போது அவர் என் தோளில் ஒரு தடவை கை வைத்தார். எல்லாம் சரியாக இருக்கும் என்றோ, கவலைப்படாதே என்றோ அவர் சொல்லவில்லை. அதற்காக அவரைப் பல வருஷம் நல்லவிதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம், விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள்.

"முடி நெறைய இருந்துச்சி மாமா."

"யாருக்கு?"

"அதுக்கு. பொண்ணுதான். எங்கம்மா காட்டமாட்டேன்னாங்க. நான்தான் குடுன்னு வாங்கிப் பாத்தேன். கண்ணு மூடிக்கினு இருந்துச்சி. முடி இங்க வரைக்கும்." தன் பிடரியைத் தொட்டுக் காட்டினாள்.

ஆணா பெண்ணா என்று நான் அதுவரை யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. "ம்" என்றேன். அவள் ரசம் ஊற்றினாள். சாப்பிட்டு முடித்தேன். சாப்பாடு ருசியாக இருந்ததா என்று தெரியாது, ஆனால் முழுக்கச் சாப்பிட்டேன்.

பெட்டி போன பிறகு அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். வேறு ஏதாவது ஏற்பாடு செய்யட்டுமா, பழைய டிரான்ஸ்பார்மர் ஒன்று கிடக்கிறது, அதை இரைய விடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பொங்கல் கழிந்து சில நாள் இருக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது. அவள் முற்றத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை நிற்கவில்லை. காதில் பஞ்சும் இல்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தாள்.

கிடார்க்காரருக்கு அவருடைய இடம் திரும்பக் கிடைத்தது. தை மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் எர்த் சரியில்லை என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். கிணற்றடி ஈரமண்ணில் ஒரு இரும்புக் கம்பியை அடித்து, ஒயர் இழுத்துக் கொடுத்தேன். வாசிக்கும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பந்தியில் உட்காரச் சொன்னார்கள். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேலை எதுவும் இருக்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அக்கா வந்தாள். அந்த மழைநாளுக்குப் பிறகு நான் திருப்புட்குழிக்குப் போகவே இல்லை, அவளும் வரவில்லை. ஒரு பையில் வேர்க்கடலையும் முருங்கைக்கீரையும் கொண்டுவந்திருந்தாள். அம்மாவும் மகளும் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தது எனக்கு முன்னறையில் கேட்டது. சாதாரணப் பேச்சுத்தான். பசு கன்று போட்டது, யாருக்கோ பெண் பார்த்தது. மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். மத்தியானம் அக்காவை பஸ் ஏற்றிவிட நான் போனேன்.

பஸ் நிற்கிற இடத்தில் புளியமரத்து நிழலில் நின்றபோது, "எம் மேல கோவமாடா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"நான்தான பிடிவாதமா கட்டி வச்சேன். வெளிய குடுக்கமாட்டேன், தம்பிக்குத்தான்னு."

"கோவம் இல்லக்கா."

உண்மையாகவே இல்லை. உள்ளே தேடிப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவள் பையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். டீக்கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, மீதியில் முகத்தைக் கழுவினாள்.

பஸ் வந்தது. ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்தது. பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். பஸ் கிளம்பும்போது அக்கா வெளியே தலையை நீட்டி ஏதோ சொன்னாள். இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. சரி என்று தலையை ஆட்டினேன்.